சேமித்து வைத்த வேட்டை ரைஃபிளில் துரு, இறுக்கம், தேய்மானம்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வேட்டைப் பருவம் முடிந்து உள்ளே வைத்த ரைஃபிளை அடுத்த பருவத்துக்கு வெளியே எடுக்கும்போதுதான் பழுதுகள் கண்ணில் படும். நான் பிரித்துப் பார்த்த ரைஃபிள்களில் பெரும்பாலானவை காட்டில் கெட்டவை அல்ல, அலமாரியில் கெட்டவை. அதிகம் சுட்டுத் தேய்ந்த குழல்கள் குறைவு. ஈரமான உறையிலும் அளவுக்கு மீறிய எண்ணெயிலும் பாழானவைதான் நிறைய. ஆகவே எண்ணெய் டப்பாவை எடுக்கும் முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அதைக் கண்டுபிடிக்காமல் எவ்வளவு துடைத்தாலும் அதே இடத்தில் அதே துரு வரும்.

உங்கள் ரைஃபிளில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில்.

எதைத் தொடுவதற்கும் முன்

மேகசினை (தோட்டா நிரப்பும் பெட்டி) கழற்றுங்கள். போல்டை (குழலின் பின்பக்கத்தை அடைத்துப் பூட்டும் உருளை) பின்னுக்கு இழுத்து, சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) கண்ணால் பாருங்கள், அப்புறம் சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பாருங்கள். மங்கிய வெளிச்சத்தில் கண் ஏமாற்றும். குழாய் மேகசின் உள்ள லீவர் ரைஃபிளாக (டிரிக்கருக்குக் கீழே உள்ள நெம்பை இறக்கி ஏற்றித் தோட்டா ஏற்றும் வகை) இருந்தால் கடைசித் தோட்டா குழாய்க்குள்ளேயே தங்கிவிடுவது உண்டு. தோட்டாவைத் தள்ளும் மூடி கண்ணில் படும்வரை லீவரை இயக்குங்கள். எல்லாத் தோட்டாக்களையும் வேறு அறையில் வையுங்கள். கீழே சொல்லும் எந்தச் சோதனைக்கும் நிஜத் தோட்டா வேண்டியதில்லை. தேவைப்படும் இடத்தில் டம்மி தோட்டா (வெடிமருந்து இல்லாத போலி) போதும்.

கையில் இருக்க வேண்டியவை: பழைய பருத்தித் துணி, மெல்லிய துப்பாக்கி எண்ணெய், 0000 எண் ஸ்டீல் வூல் (மிக நுண்ணிய எஃகு நார்), உங்கள் குழல் அளவுக்கான வெண்கலப் பிரஷ், பூச்சுள்ள கிளீனிங் ராடு, டார்ச், கையுறை, ஓர் ஈரப்பத மீட்டர்.

அறிகுறி: உலோகத்தின் மேல் ஆரஞ்சு நிறத் துரு

உடனே துடைத்துவிடாதீர்கள். துரு எந்த வடிவத்தில் படிந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

விரல் தடம் போலத் தெரிந்தால்

வியர்வையில் உள்ள உப்புதான் காரணம். சிலருடைய கைபட்டால் ஒரே இரவில் ரிசீவரின் (குழலும் போல்டும் பொருந்தும் நடு உலோக உடல்) மேல் ஐந்து விரலும் பதிந்து நிற்கும். சிலர் கைபட்டால் ஒன்றும் ஆகாது. வீட்டில் யார் கை அப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வது நல்லது. உலர்ந்த துணியால் துடைத்தால் உப்பு இடம் மாறுமே தவிர முழுதாகப் போகாது. உள்ளே வைக்கும் முன் எண்ணெய் தோய்த்துப் பிழிந்த துணியால் எல்லா உலோகப் பரப்பையும் ஒருமுறை துடையுங்கள். அதற்குப் பிறகு கட்டையை (உலோகத்தைத் தாங்கும் மரப் பிடி) பிடித்து மட்டுமே தூக்குங்கள், இல்லையென்றால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் மட்டும், அல்லது பட்டையாகத் தெரிந்தால்

அந்த இடத்தில் எது ஒட்டிக்கொண்டிருந்தது என்று யோசியுங்கள். நுரை வைத்த பெட்டி, தோல் உறை, துணி உறை, தாங்கியில் ஒட்டிய கம்பளித் துணி, இவை எல்லாம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி உலோகத்தோடு ஒட்ட வைத்துக்கொள்பவை. பதனிட்ட தோலில் உப்பும் அமிலமும் மிச்சம் இருக்கும் என்பதால் அது இன்னும் மோசம். பெட்டியும் உறையும் பயணத்துக்கு மட்டும். வீடு வந்ததும் ரைஃபிளை வெளியே எடுத்துவிடுங்கள். சிலிகோன் ஏற்றிய துணி உறையில் வைக்கலாம், ஆனால் உறை முழுதாக உலர்ந்திருக்க வேண்டும். தாங்கியில் கம்பளி ஒட்டியிருந்தால் பிய்த்துவிட்டு ஈரம் பிடிக்காத ரப்பரோ பிளாஸ்டிக்கோ பொருத்துங்கள்.

திருகுத் தலை, தோள்பட்டை வார் மாட்டும் கொக்கி, ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) பிடிக்கும் வளையத்தின் விளிம்பு, இந்த இடங்களில் மட்டும் என்றால்

மழையில் நனைந்த பிறகு இடுக்கில் தங்கிய தண்ணீர் அது. துடைக்கும் துணி அங்கே எட்டுவதில்லை. நனைந்த ரைஃபிளுக்கு முதலில் தண்ணீரை வெளியேற்றும் ஸ்பிரே, அதன் பிறகுதான் காக்கும் எண்ணெய். டபிள்யூ.டி.-40 என்ற பெயரே தண்ணீரை வெளியேற்ற 40ஆவது முயற்சியில் அமைந்த கலவை என்பதைக் குறிப்பது. 1953இல் அதற்காகத்தான் உருவாக்கினார்கள். அந்த வேலையை நன்றாகச் செய்யும். ஆனால் அது விட்டுப்போகும் படலம் மிக மெல்லியது, மாதக்கணக்கில் காக்காது. அதை அடித்ததோடு முடித்துக்கொள்வதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. கடல் தண்ணீர் பட்டிருந்தால் முதலில் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, உடனே துடைத்து உலர்த்திவிட்டு, பிறகு ஸ்பிரே.

மேலிருந்து கீழ்வரை சீராக, மெல்லிய தூளாகத் தெரிந்தால்

சேமிக்கும் இடத்தின் காற்றே ஈரம். துருவை எடுத்துவிட்டு அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

துருவை எடுக்கும் முறை

துரு உள்ள இடத்தில் எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். லேசான துருவுக்கு அரை மணி நேரம், பழைய துருவுக்கு ஒரு நாள். அப்புறம் 0000 ஸ்டீல் வூலில் எண்ணெய் தொட்டு, அழுத்தாமல், சிறு வட்டங்களாகத் தேயுங்கள். எண்ணெய் பழுப்புக் குழம்பாகும். அதைத் துடைத்துவிட்டுப் புது எண்ணெய் விட்டு மறுபடி தேயுங்கள். பழுப்புக் குழம்பையே வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தால் துருத் தூள் உப்புத்தாள் போல வேலை செய்து பளபளப்பை அறுத்துவிடும். குழம்பு வராமல் எண்ணெய் தெளிவாக நிற்கும்போது வேலை முடிந்தது. பிடிவாதமான புள்ளிகளைச் செம்புத் தகட்டின் விளிம்பால் சுரண்டலாம். செம்பு எஃகைவிட மென்மையானது, கீறாது.

உப்புத்தாள் வேண்டாம். வினிகர் வேண்டாம். கடையில் விற்கும் துரு நீக்கும் அமிலக் கலவைகளும் வேண்டாம். எஃகின் மேலுள்ள நீலக்கறுப்புப் பூச்சும் இரும்பின் ஆக்சைடுதான் என்பதால் துருவோடு சேர்த்து அதையும் இவை தின்றுவிடும். பத்து நிமிடத்தில் குழல் சாம்பல் நிறத் திட்டாக நிற்கும்.

ஸ்டெயின்லெஸ் ரைஃபிளுக்குத் துருப் பிடிக்காது என்று நம்பி அப்படியே வைத்துவிடுபவர்கள் உண்டு. குழலுக்குப் பயன்படும் ஸ்டெயின்லெஸ், கடைவதற்கு எளிதாகக் கொஞ்சம் கந்தகம் சேர்த்த 416 வகை. சமையலறைப் பாத்திரத்தின் அளவுக்கு அது துருவைத் தாங்காது; சிறு புள்ளிகளாகப் பிடிக்கும். அதன்மேல் சாதாரண ஸ்டீல் வூல் போட்டால் இரும்புத் துகள் பதிந்து புதிய துருவுக்கு வித்திடும். நைலான் பிரஷோ வெண்கல வூலோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே நிறுத்துவது: துருவை எடுத்த இடத்தில் விரல் நகத்தைக் குறுக்காக ஓட்டுங்கள். வழுக்கிப் போனால் மேல்துரு மட்டும், கவலை இல்லை. நகம் தட்டினால் உலோகத்தில் குழி விழுந்துவிட்டது. குழியை எண்ணெய் நிரப்பாது. சுற்றியுள்ள உலோகத்தை அந்த ஆழம்வரை எடுத்துவிட்டு மறுபடி பூச்சு ஏற்ற வேண்டும். அது துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை. உங்களுடையது இரட்டைக் குழல் என்றால் ஒன்றைக் கண்டிப்பாகக் கேளுங்கள்: ஈயப்பற்று வைத்து ஒட்டிய குழல்களைச் சூடான காரத் தொட்டியில் முக்கிப் பூச்சு ஏற்றக் கூடாது, காரம் பற்றை அரித்துவிடும். அவற்றுக்குத் துருவையே கொதிநீரில் கறுப்பாக மாற்றும் பழைய, மெதுவான முறைதான் சரி.

அறிகுறி: துடைத்து வைத்தாலும் சில வாரத்தில் துரு திரும்ப வருகிறது

இந்த ஒரு அறிகுறிக்கு நேரம் ஒதுக்கிப் பாருங்கள். இதைத் தீர்த்துவிட்டால் கீழே வரும் பாதிப் பிரச்சினைகள் வரவே வராது.

திரும்புவது பழைய இடத்தில் மட்டுமா?

அப்படியென்றால் துரு முழுதாகப் போகவில்லை. நீலக்கறுப்புப் பூச்சின் துளைகளில் கொஞ்சம் தங்கியிருக்கிறது. எண்ணெயில் ஊறவைத்துத் தேய்ப்பதை இன்னும் இரண்டு முறை செய்யுங்கள்.

வெளியே போய் வந்த பிறகு மட்டுமா?

குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் வரும் ரைஃபிள் வியர்க்கும். அறையில் 25 டிகிரி செல்சியஸ், 60% ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 17 டிகிரிக்குக் கீழே உள்ள எந்த உலோகத்தின் மேலும் அந்தக் காற்று தண்ணீராகப் படியும். வெளிப்புறம் துடைத்தால் போய்விடும்; போல்டுக்குள்ளும் கட்டைக்கு அடியிலும் படிந்தது போகாது. குளிரில் இருந்து வரும் உலர்ந்த ரைஃபிளைப் பெட்டியைத் திறக்காமலே சில மணி நேரம் அறையில் விட்டுவிடுங்கள். உலோகம் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் ஈரம் படியாது. ரைஃபிள் நனைந்திருந்தால் இது பொருந்தாது. உடனே வெளியே எடுத்து, போல்டைக் கழற்றி, துடைத்து உலர விட வேண்டும். இரண்டு நிலையிலும் அன்றைக்கே துப்பாக்கிப் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். ஈரமான கட்டையும் வாரும் உள்ளே போனால் பக்கத்தில் நிற்கும் உலர்ந்த ரைஃபிளையும் சேர்த்துக் கெடுக்கும்.

எங்கும் போகாமலே துரு வருகிறதா?

பெட்டகத்துக்குள் ஈரப்பத மீட்டரை வைத்து ஒரு வாரம் குறித்து வாருங்கள். மீட்டரை நம்பும் முன் அதையும் சோதியுங்கள். ஒரு மூடியில் சமையல் உப்பு போட்டு, சேறு பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஓர் இரவு வையுங்கள். அறைச் சூட்டில் அது 75% காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மீட்டர் 5 குறைத்துச் சொல்கிறது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

பெட்டகத்துக்குள் 40 முதல் 50 சதவீதம் நல்லது. 60ஐத் தாண்டினால் எஃகு துருவேறும் வேகம் கூடும். அதற்காக 35க்குக் கீழே இறக்கிவிடாதீர்கள், மரக்கட்டை சுருங்கி வெடிக்கும். இரண்டுக்கும் இடையில் நிறுத்துவதுதான் வேலை.

60க்கு மேல் இருந்தால் வரிசையாக இப்படிப் போங்கள்.

முதலில் உள்ளே இருக்கும் அட்டைப் பெட்டி, தோல் உறை, பழைய காகிதம், துணி எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பெட்டகம் சிமெண்ட் தரையில் நேராக உட்கார்ந்திருந்தால் அடியில் கட்டை கொடுத்து உயர்த்துங்கள். வெளிச்சுவரை ஒட்டியிருந்தால் நகர்த்துங்கள். தீ தாங்கும் பெட்டகம் என்றால் அதன் சுவருக்குள் இருப்பது பெரும்பாலும் ஜிப்சம் பலகை. புதிதாக வாங்கியபோது அதிலிருந்து ஈரம் கசியக்கூடும், ஆகவே ஆள் கவனித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், ரைஃபிள்களை வைப்பதற்கு முன், சில நாள் கதவைத் திறந்து வைத்து உலர விடுங்கள்.

அடுத்தது சிலிக்கா ஜெல். சிலர் ஒரு பொட்டலம் போட்டுவிட்டு வருடக்கணக்கில் மறந்துவிடுகிறார்கள். நிரம்பிய ஜெல் வெறும் மணல்தான், எதையும் உறிஞ்சாது. நிறம் மாறும் வகையை வாங்குங்கள். ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும் வகை நல்லது. நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும் வகையில் கோபால்ட் உப்பு இருக்கும், அதைச் சமைக்கும் அடுப்பில் வைத்து உலர்த்தாதீர்கள். நிறம் மாறியதும் 110 முதல் 120 டிகிரி சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்கு வரும். பெட்டகத்தை அடிக்கடி திறந்தால் ஜெல் சீக்கிரம் நிரம்பும்.

மின்சார வசதி இருந்தால் சூடேற்றும் தண்டு வைக்கலாம். அது ஈரத்தை எடுக்காது. காற்றைச் சூடாக்கி, ஈரம் உலோகத்தில் படியாமல் பார்த்துக்கொள்ளும். 20 டிகிரியில் 65% இருக்கும் காற்றை 25 டிகிரிக்கு உயர்த்தினால் ஏறத்தாழ 48 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை, அது போதும். தண்டை அடித்தட்டில் வையுங்கள், சூடு மேலேறும். கட்டையை ஒட்டி வைக்காதீர்கள்.

இவை எல்லாம் செய்தும் இறங்கவில்லை என்றால் பெட்டகத்தை விட்டுவிட்டு அறையைக் கவனியுங்கள். அறையில் 75, 80 என்று நின்றால் பெட்டகத்துக்குள் என்ன போட்டாலும் தோற்கும். அறைக்கு ஈரம் நீக்கும் இயந்திரம், அல்லது வேறு அறை. சுவரில் கசிவு இருந்தால் அதை முதலில் அடைக்க வேண்டும்.

அறிகுறி: வெளியே சுத்தம், ஆனால் கட்டைக்கும் குழலுக்கும் நடுவே பழுப்புக் கோடு

இது தெரிந்தால் உள்ளே நிச்சயம் இதைவிட அதிகம் இருக்கும். மழைத் தண்ணீர் குழலின் ஓரமாக வழிந்து முன்கட்டையின் பள்ளத்தில் இறங்கி, மரத்துக்கும் எஃகுக்கும் நடுவே நிற்கும். மேலே பளபளவென்று எண்ணெய் போட்டு வைத்த ரைஃபிளின் கட்டையைக் கழற்றினால் குழலின் அடிப்பக்கம் முழுக்கச் செதில் செதிலாக உரிந்துகொண்டிருக்கும். வருடத்துக்கு ஒருமுறையும், நன்றாக நனைந்த ஒவ்வொரு முறையும் கட்டையைக் கழற்றிப் பாருங்கள்.

திருகின் பள்ளத்தில் ஆடாமல் சரியாக உட்காரும் முனை உள்ள ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். வீட்டு டிரைவரின் முனை ஆப்பு வடிவம். வழுக்கித் திருகுத் தலையைச் சிதைத்துவிடும். துருவை மேலே சொன்னபடி எடுங்கள். இந்த இடத்துக்கு எண்ணெயைவிட மெழுகு நல்லது, மரத்துக்குள் ஊறாது. மெல்லிய ஒரு பூச்சு போட்டு, காய்ந்ததும் துணியால் தேய்த்துவிடுங்கள். கட்டையின் உட்பள்ளத்திலும் பின்கட்டைத் தகட்டுக்கு அடியிலும் மரம் பூச்சில்லாமல் வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். பல ரைஃபிள்களில் அப்படித்தான் இருக்கும். அங்கேயும் மர எண்ணெய் பூசுங்கள். ஆளி விதை எண்ணெய் பயன்படுத்தினால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயப்போடுங்கள் அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

திரும்பப் பூட்டும்போது திருகுகளைத் தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்துக்கு முடுக்குங்கள். கையளவில் முடுக்கினால் குறி இடம் மாறலாம்.

மெக்கானிக்கிடம் போக வேண்டியது: திருகு அசையவே இல்லை, ஊடுருவும் எண்ணெய் விட்டு இரண்டு நாளும் ஆகிவிட்டது என்றால். பலம் போட்டால் திருகு உடைந்து உள்ளே மாட்டும், அப்போது செலவு இன்னும் கூடும்.

அறிகுறி: குழலுக்குள் விட்ட துணித்துண்டு நிறத்தோடு வருகிறது

எந்த வேலையும் போல்டைக் கழற்றிவிட்டு, பின்பக்கத்திலிருந்து குழல்வாய் நோக்கித்தான். ராடு பக்கவாட்டில் உரசாமல் வழிகாட்டிக் குழாய் போட்டுக்கொள்ளுங்கள். குழல்வாயின் உள்விளிம்புதான் தோட்டா கடைசியாகத் தொடும் இடம். அது ஒரு பக்கம் தேய்ந்தால் ரைஃபிள் குறி சிதறும். சுட்டுத் தேய்வதைவிட, முன்பக்கத்திலிருந்து அழுக்கு ராடை விட்டுத் தேய்ப்பதால் கெட்ட விளிம்புகளை அதிகம் பார்த்திருக்கிறேன். லீவர் ரைஃபிள் போன்றவற்றில் பின்பக்கம் திறக்காது. அவற்றுக்கு இழுக்கும் கயிற்றுப் பிரஷ் நல்லது.

கறுப்பாக வந்தால் வெடிமருந்துக் கரி. கரி ஈரத்தைப் பிடித்து வைக்கும். கரைப்பான் விட்டுக் கால் மணி நேரம் ஊறவைத்து, வெண்கலப் பிரஷ் பத்து முறை, பிறகு துணித்துண்டு, வெள்ளையாக வரும்வரை.

நீலமாகவோ பச்சையாகவோ வந்தால் தோட்டா உறையின் செம்பு. அம்மோனியா கலந்த செம்புக் கரைப்பான் வேண்டும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், டப்பாவில் எழுதிய நேரத்துக்கு மேல் குழலில் விடாதீர்கள். வெண்கலப் பிரஷையே இந்தக் கரைப்பானோடு போட்டால் பிரஷே கரைந்து துணி நீலமாக வந்துகொண்டே இருக்கும், முடிவே வராது. நைலான் பிரஷ் எடுங்கள்.

பழுப்பு ஆரஞ்சாக வந்தால் துரு. முதலில் கேட்க வேண்டியது, பழைய ராணுவ உபரித் தோட்டா சுட்டீர்களா என்பது. அவற்றின் பிரைமரில் (ஊசி அடித்ததும் தீப்பொறி தரும் தோட்டாவின் அடிப்பகுதி) பொட்டாசியம் குளோரேட் இருந்திருந்தால் சுட்டதும் குழலில் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு தங்கும். உப்பு எண்ணெயில் கரையாது. மேலே எண்ணெய் பூசினாலும் அடியில் அது ஈரத்தை இழுத்து அரித்துக்கொண்டே இருக்கும். சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு எண்ணெய். போல்ட் முகத்தையும் கழுவுங்கள். மற்றபடி சாதாரண ஈரத் துருவாக இருந்தால் எண்ணெயும் வெண்கலப் பிரஷும் போதும்.

சுத்தமான பிறகு பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். புரிகளின் (குழலின் உட்சுவரில் சுழன்று செல்லும் வரிகள்) விளிம்பு கூர்மையாக, பளபளப்பாகத் தெரிந்தால் சரி. புரிகளுக்கு நடுவே கறுப்புப் புள்ளிகள் இருந்தால் குழி விழுந்திருக்கிறது. லேசான குழியோடு நன்றாகச் சுடும் ரைஃபிள்கள் உண்டு, ஆனால் அழுக்கு சீக்கிரம் படியும். எவ்வளவு ஆழம் என்பதை உட்குழல் கேமரா வைத்திருக்கும் மெக்கானிக்தான் சொல்ல முடியும். குழலில் எங்காவது நிழல் வளையம் போலத் தெரிந்தால், அல்லது வெளியே தடவும்போது வீக்கம் தட்டுப்பட்டால், ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள். நேராக மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

குழல்வாயை ரப்பர் மூடியோ தக்கையோ போட்டு அடைத்து வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் துருவாகும். மறந்துபோய்ச் சுட்டால் குழலே வெடிக்கலாம்.

அறிகுறி: போல்ட் இறுகுகிறது, அல்லது ஒட்டிக்கொள்கிறது

பழைய எண்ணெய் காய்ந்து பிசின் ஆகியிருக்கும், பத்தில் ஒன்பது முறை அதுதான். சமையல் எண்ணெய் விட்டிருந்தால் நிச்சயம். போல்டைக் கழற்றி, கரைப்பானில் துடைத்து, போல்ட் ஓடும் தடத்தையும் பின்பக்க மூலைகளையும் சுத்தம் செய்யுங்கள். பிறகு பூட்டும் காதுகளின் (போல்டை மூடும்போது அதைப் பூட்டிப் பிடிக்கும் முனைப்புகள்) பின்பக்கம் மட்டும் அரிசி அளவு கிரீஸ். மற்ற இடத்துக்கு எண்ணெய் துணியின் ஈரம் போதும்.

சுத்தம் செய்தும் இறுகினால் பூட்டும் காதுகளைப் பாருங்கள். உலோகம் ஒன்றோடொன்று ஒட்டி உரிந்த கீறல் தெரிந்தால், அல்லது ஒரு காது மட்டும் பளபளவென்று தேய்ந்து இன்னொன்று பூச்சோடு அப்படியே இருந்தால், மெக்கானிக் பார்க்க வேண்டும்.

அறிகுறி: டிரிக்கர் இழுத்தால் ஊசி மெதுவாக அடிக்கிறது, தோட்டா வெடிக்கவில்லை

சுடும் இடத்தில் இப்படி ஆனால் குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி குறைந்தது 30 விநாடி காத்திருங்கள், பிறகு போல்டைத் திறங்கள். தாமதித்து வெடிக்கும் தோட்டா உண்டு.

வீட்டில் பார்க்கும்போது முதல் சந்தேகம் போல்டுக்குள் தேங்கிய எண்ணெய். ரைஃபிளை நிமிர்த்தி, பின்கட்டை கீழே இருக்கும்படி வைத்தால் குழலில் போட்ட எண்ணெய் மெல்ல இறங்கிப் போல்டுக்குள்ளும் டிரிக்கருக்குள்ளும் சேரும். குளிரில் அது கெட்டியாகி ஊசியை (ஃபயரிங் பின்) இழுத்துப் பிடிக்கும். கையேட்டில் சொன்னபடி போல்டைப் பிரித்து, எண்ணெயை முழுதாகக் கழுவி, உலர்வாகவே பூட்டுங்கள். இனி ரைஃபிளைக் குழல்வாய் கீழே இருக்கும்படி ஒரு துணியின் மேல் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் படுக்கை வசத்தில் வையுங்கள்.

அடுத்த சந்தேகம் ஸ்பிரிங். வருடக்கணக்கில் விசை ஏற்றியே வைத்திருந்தால் கொஞ்சம் தளரலாம். சேம்பர் காலி என்று உறுதி செய்துவிட்டு விசையை இறக்கி வைப்பது நல்லது. மையத்தில் அடிக்கும் பெரும்பாலான நவீன ரைஃபிளில் டம்மி தோட்டா போட்டு டிரிக்கரை இழுக்கலாம். விளிம்பில் அடிக்கும் .22 வகையில் சேம்பர் காலியாக இருக்கும்போது இழுத்தால் ஊசி சேம்பர் விளிம்பிலேயே மோதிப் பள்ளம் போடும், வேண்டாம். ஸ்பிரிங் மாற்றுவது மலிவு, மெக்கானிக்கே செய்யட்டும்.

டிரிக்கருக்குள் எண்ணெய் அடிக்காதீர்கள். பிசினாகி டிரிக்கர் தன் இடத்துக்குத் திரும்பாமல் நிற்கும். காலி ரைஃபிளில் விசை ஏற்றி, பாதுகாப்புப் பூட்டைப் போட்டு டிரிக்கரை இழுங்கள், விடுங்கள், பூட்டை எடுங்கள். அந்தக் கணத்தில் ஊசி விழுந்தால், அல்லது போல்டை வேகமாக மூடும்போது விழுந்தால், அந்த ரைஃபிளை அப்படியே எடுத்து வையுங்கள். டிரிக்கர் கோளாறை வீட்டில் சரிசெய்யப் பார்க்கக் கூடாது.

அறிகுறி: சுட்ட உறை வெளியே வர மறுக்கிறது

சேம்பரில் துருவோ காய்ந்த கிரீஸோ இருக்கும். சேம்பர் பிரஷில் கரைப்பான் தொட்டுச் சுழற்றிச் சுத்தம் செய்து, கடைசியில் உலர்ந்த துணியால் துடையுங்கள். சேம்பரில் எண்ணெய் இருக்கவே கூடாது. உறை சேம்பர் சுவரைப் பிடிக்காமல் வழுக்கினால் முழு விசையும் போல்டின் மேல் விழும். வெளியே வந்த உறையில் சிறு புள்ளி மேடுகளோ நீளக் கீறல்களோ இருந்தால் சேம்பரில் குழி விழுந்திருக்கிறது, அது மெக்கானிக்கின் வேலை. வெடிக்காத தோட்டா உள்ளே சிக்கியிருந்தால் ராடு விட்டுத் தட்டாதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: துருவே இல்லை, ஆனால் குறி இடம் மாறிவிட்டது

முதல் தோட்டா மட்டும் விலகுகிறதா? குழலில் எண்ணெய் இருந்திருக்கிறது. சுடும் முன் உலர்ந்த துணித்துண்டு இரண்டு ஓட்டினால் சரியாகும். தடித்த கிரீஸ் போட்டு வைத்த குழலாக இருந்தால் துடைக்காமல் சுடுவது ஆபத்தும்கூட.

எல்லாத் தோட்டாவும் விலகினால் ஸ்கோப் வளையத் திருகுகள், பிறகு கட்டைத் திருகுகள். இரண்டும் இறுக்கமாக இருந்தால் ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே விட்டு ரிசீவர்வரை இழுத்துப் பாருங்கள். முன்பு தடையில்லாமல் போய் இப்போது ஓரிடத்தில் நின்றால் மரம் ஈரத்தில் வீங்கிக் குழலைத் தொடுகிறது. சில ரைஃபிள்களில் முன்கட்டையின் நுனி குழலைத் தாங்கும்படியே செய்திருப்பார்கள், கையேட்டைப் பாருங்கள். வீங்கிய கட்டையை உடனே செதுக்காதீர்கள். 45% ஈரப்பதத்தில் சில வாரம் வைத்தால் தானாகவே இறங்கலாம்.

கட்டையின் பின்பக்கம், ரிசீவர் முடியும் இடத்தில் மரம் கறுத்து மெதுமெதுவென்று இருந்தால் எண்ணெய் ஊறி இளகியிருக்கிறது. அங்கே மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சுடும்போது பின்னுதைப்பைத் தாங்கும் மரம் அது. விரிசல் இருந்தால் சுடுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

அறிகுறி: ஸ்கோப் மங்கல்

வெளிக்கண்ணாடியில் மூச்சுப் பட்டது போல இருந்து துடைத்ததும் போனால் ஒன்றுமில்லை. துடைத்தும் போகாமல் உள்ளே பனிபோல நின்றால் நைட்ரஜன் நிரப்பிய அடைப்பு விட்டுப்போயிருக்கிறது. நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. அது கண்ணாடியின் பூச்சைத் தின்னும். இரண்டுக்கும் வீட்டில் வழியில்லை. திறக்காமல் தயாரிப்பாளருக்கே அனுப்புங்கள்.

அறிகுறி: தோட்டா உறையில் பச்சைக் களிம்பு

பெரும்பாலும் தோல் வாரில் செருகி வைத்த தோட்டாவில் இது வரும். தோலிலிருந்து எடுத்து, மூடியுள்ள உலர்ந்த பெட்டியில் வையுங்கள். துணியால் துடைத்தே போய்விடும் மங்கல் நிறம் பரவாயில்லை. களிம்பை எடுத்த இடத்தில் பித்தளை குழிந்திருந்தால், கழுத்தில் விரிசல் தெரிந்தால், அந்தத் தோட்டாவைச் சேம்பரில் போடாதீர்கள். தனியாக எடுத்து வைத்து, தோட்டா விற்கும் கடையிலோ மெக்கானிக்கிடமோ கொடுத்துவிடுங்கள். எண்ணெய் ஸ்பிரேயைத் தோட்டாவின் மேல் அடிக்கவும் வேண்டாம், ஊடுருவும் எண்ணெய் பிரைமருக்குள் இறங்கி அதைக் கொன்றுவிடும்.